ஏழு நிமிடம் நாற்பது விநாடி

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை காலை 10.12 மணிக்கு, மலேசியாவின் ஈப்போவில், கிரீன்டவுனில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், அதுவரை ஏழு நிமிடம் நாற்பது விநாடி எடுத்துவந்த ஒரு தேடல் 0.3 விநாடியில் முடிந்தது.

அதைச் சரிசெய்தவர் தேவிஸ்ரீ. முப்பத்தொரு வயது, தரவுத்தள வேலையில் ஒன்பது ஆண்டு அனுபவம். பழைய தோட்டங்களில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்றுவீடு கொடுக்கும் ஒரு திட்டத்துக்காக அவருடைய நிறுவனம் ஒரு கணினி வரைபட முறையை நடத்திவந்தது. அதில் 4,200 வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. தோட்டங்களின் பழைய குடியிருப்பு எல்லைகள் கோடுகளாக இருந்தன. முறை பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த வீடு பழைய எல்லைக்குள்ளோ, எல்லையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளோ இருக்கிறதா? இருந்தால் பட்டியலில் பெயர் வரும். பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு வீடு.

நான்கு மாதமாகப் பட்டியல் வரவில்லை. திட்ட அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினால் திரை ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுக் கைவிட்டுவிடும். தேடலுக்கோ ஏழு நிமிடம் நாற்பது விநாடி தேவை. காரணத்தைக் கண்டுபிடிக்க தேவிஸ்ரீக்கு ஒரு முற்பகல் ஆயிற்று. வீடுகளின் இடம் கைப்பேசி தரும் அட்சரேகை தீர்க்கரேகையில் இருந்தது. எல்லைகள் பேராக் நில அளவையின் மீட்டர் கணக்கில் இருந்தன. தேடல் ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு எல்லையோடும் ஒப்பிட்டது. ஒப்பிடும்போதெல்லாம் அதே வீட்டின் இடத்தை மறுபடி மறுபடி மீட்டருக்கு மாற்றியது. தேவிஸ்ரீ அந்த மாற்றத்தை ஒரே தடவை செய்து, விடையைத் தனி நெடுவரிசையில் வைத்தார். அதன்மேல் இண்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணை ஒன்றைப் போட்டார். இனி முறை எல்லையைச் சுற்றி முதலில் ஒரு செவ்வகம் போட்டு, அதற்குள் விழும் வீடுகளை மட்டும் எடுத்து அளக்கும்.

நிறுவனத்தின் முதலாளி மகேந்திரன் வந்து பார்த்தார். பொத்தானை அழுத்தினார். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது.

"ரொம்ப வேகமா வருதேம்மா," என்றார். "ஒரு பத்து செகண்டு சுத்துற மாதிரி ஏதாச்சும் வையேன். இப்படி வந்தா நம்ப மாட்டாங்க."

தேவிஸ்ரீ சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அன்று பிற்பகலே பட்டியல்கள் தோட்டங்களுக்குப் போயின. பீடோருக்கு உள்ளே இருக்கும் பதினோராங்கட்டைத் தோட்டத்தில் பதிந்திருந்த வீடுகள் முப்பத்தேழு. பட்டியலில் முப்பத்தாறு. விடுபட்டது காளியம்மாவின் வீடு.

மறுநாள் காலை தேவிஸ்ரீயின் கைப்பேசி அடித்தது. குடியிருப்பாளர் குழுவின் செயலாளர் கனகராஜ். ஐம்பது வயது, பீடோரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.

"மிஸ், நாலு மாசமா வராத லிஸ்ட்டு ஒரே செகண்டுல வந்துருச்சாமே?"

"வேகமாக்கியிருக்கோம் அண்ணே."

"தேடிப் பார்த்து வந்துச்சா, இல்ல எழுதி வச்சத எடுத்து நீட்டுச்சா?"

"தேடித்தான் வந்துச்சு."

"நான் என் சட்டைப் பையில சாவி தேடினாலே ஒரு நிமிசம் ஆகுது மிஸ். நீங்க நாலாயிரம் வீட்டை ஒரு செகண்டுல தேடிட்டீங்க. தேடினதுல ஒரு வீடு மட்டும் காணோம். அதுவும் ஆம்பள இல்லாத வீடு." பிறகு, "உங்க முழுப் பேரு என்ன மிஸ்?" என்றார்.

தேவிஸ்ரீ சொன்னார். மாலைக்குள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அவர் செட்டியார் வீட்டுப் பெண் என்பது வந்துவிட்டது. பதினோராங்கட்டைத் தோட்டம் ஒரு காலத்தில் செட்டியார் தோட்டம். வெள்ளைக்காரக் கம்பெனி வாங்கி, பிறகு வேறு கம்பெனி வாங்கி, ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து எத்தனையோ ஆண்டாகிவிட்டது. தேவிஸ்ரீயின் குடும்பத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. அப்பா பெத்தபெருமாள் ஈப்போவில் பல் வைத்தியர். ஆனால் குழுவில் ஒருவர் போட்டிருந்தது இதுதான்: "செட்டியார் வீட்டுப் புள்ள லிஸ்ட்டு போட்டா யார் பேரு வரும்னு தெரியாதா லா."

மகேந்திரன் அதைப் படித்துவிட்டு, "நீயே போய் அவங்க கண்ணு முன்னால ஓட்டிக் காட்டிட்டு வந்துரு," என்றார்.

ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துப் பாலர் பள்ளியில் சுமார் ஐம்பது பேர் சிறுபிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தார்கள். புரொஜெக்டர் வெளிச்சம் சுவரில் இருந்த அணில் படத்தின்மேல் விழுந்தது. தேவிஸ்ரீ பழைய தேடல், புதிய தேடல் இரண்டையும் மடிக்கணினியில் கொண்டுவந்திருந்தார்.

"கனகராஜ் அண்ணே, நீங்க பஸ் ஓட்டுறீங்க," என்று தொடங்கினார். "காலையில பேராக்ல இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் தட்டி 'புள்ள இருக்கா, புள்ள இருக்கா'ன்னு கேட்பீங்களா?"

"பைத்தியமா எனக்கு? என் ரூட்டுல உள்ள புள்ளைங்கள மட்டும்தான் ஏத்துவேன்."

"பழைய தேடல் எல்லாக் கதவையும் தட்டுச்சு. இப்ப அதுக்கு ரூட்டு தெரியும். அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ, "ஆமா லா, சரியாத்தானே சொல்லுது," என்றார். கனகராஜ் அசையவில்லை.

"சரி மிஸ். ரூட்டு எழுதி வச்சாச்சு. நடுவுல ஒரு புள்ள வீடு மாறிப் போயிருச்சு. நான் பழைய வீட்டு வாசல்லயே போய் ஹாரன் அடிப்பேனா?"

தேவிஸ்ரீ அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கணினி படித்தவர்கள்கூட அதை அவரிடம் கேட்டதில்லை.

"வீட்டோட இடத்த மாத்தினா, எழுதி வச்சதும் அந்த நிமிசமே தானா மாறும். அதுக்கும் ஏற்பாடு செஞ்சிருக்கேன்."

"செஞ்சிருக்கேன்னு நீங்க சொல்றீங்க."

"அதனாலதான் பழைய தேடலையும் கொண்டாந்திருக்கேன். அது எதையும் எழுதி வச்சுக்காது. எல்லாக் கதவையும் தட்டும். ரெண்டும் ஒரே பதில் சொல்லுதான்னு நீங்களே பாருங்க."

புதியதை ஓட்டினார். முப்பத்தாறு. பழையதை ஓட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. ஓரத்தில் விநாடிகள் மட்டும் ஏறின.

இரண்டு நிமிடத்தில் பேச்சு தொடங்கியது. "கிளினிக்குல நம்பர் எடுத்த மாதிரி இருக்கு." "இப்பத்தான் தேடுது பாரு, இதான் தேடுறது." "எங்க தேடுது? ஜாலான் தாப்பா ரோட்டுக் கடையில நின்னு கோப்பி குடிக்குது." நான்காம் நிமிடத்தில் ஒருவர் வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். ஐந்து நிமிடம் தாண்டியபோது அறை அமைதியாகிவிட்டது. மெதுவாக வருவது சரியாக வரும் என்ற எண்ணம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. ஏழு நிமிடம் முப்பத்தெட்டாவது விநாடியில் பட்டியல் வந்தது.

முப்பத்தாறு. அதே பெயர்கள்.

முன்வரிசையில் இருந்த காளியம்மா எழுந்தார். அறுபத்து மூன்று வயது. தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் துப்புரவு வேலை. அங்கிருந்து நேராக வந்திருந்தார், நீலச் சீருடையோடு.

"மெதுவாத் தேடினாலும் நான் இல்ல. வேகமாத் தேடினாலும் நான் இல்ல," என்றார். "இத நான் முன்னாடியே பார்த்திருக்கேன் மிஸ். வாசிக்கிறதுக்கு முந்தின ராத்திரியே கிராணி எழுதி வச்சிருப்பான். மண்டோர் வாசிப்பாரு, அவ்வளவுதான்."

கனகராஜ் தரையைப் பார்த்தார்.

அது பெரட்டைப் பற்றியது என்பது அறையில் தேவிஸ்ரீயைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியலில் நடந்த ஆள்கணக்கு. எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கரான கிராணி எழுதிய புத்தகத்திலிருந்து, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பெயர்களை வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவருக்கு அன்று வேலை. 1994 நவம்பரில் ஒரு காலை காளியம்மாவின் கணவர் சின்னையாவின் பெயர் வாசிக்கப்படவில்லை. உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பாலைத் திருடி வெளியே விற்றார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை, விசாரணையும் இல்லை. மற்ற எல்லாப் பெயர்களும் வாசிக்கப்பட்டன, எல்லாரும் கலைந்து வேலைக்குப் போனார்கள். வாசித்த மண்டோர் சன்னாசி. கனகராஜின் அப்பா. சின்னையா 2011இல் இறந்தார். காளியம்மா முப்பது ஆண்டாக அந்தக் களத்தில் கால் வைத்ததில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் செம்பனைக்குள் சுற்றித்தான் போவார்.

"உங்க வீட்ட வரைபடத்துல காட்டுறேன்மா," என்று தேவிஸ்ரீ வரைபடத்தைத் திறந்தார்.

பச்சையில் தோட்டம். சிவப்புக் கோட்டில் பழைய எல்லை. கீழே ஆற்றோரம் தனியாக ஒரு புள்ளி: காளியம்மா. எல்லையிலிருந்து எழுபத்து நான்கு மீட்டர். எல்லைக்கு உள்ளே, நடுவில், இன்னொரு புள்ளி.

ஒரே ஒரு புள்ளி.

அதைப் பெரிதாக்கினார். புள்ளி பிரிந்து ஒரு கொத்தானது. இன்னும் பெரிதாக்கினார். முப்பத்தாறு புள்ளிகளும் ஒரு பேட்மிண்டன் கோர்ட் அளவு இடத்துக்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. தேவிஸ்ரீ புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினார்.

"ஏன் மிஸ் அணைச்சிட்டீங்க?" கனகராஜ் கேட்டார்.

"சூடாயிருச்சு அண்ணே."

"இவ்வளவு நேரம் சூடாகல?"

தேவிஸ்ரீ வயரைச் சுருட்டிப் பையில் போட்டார். கனகராஜ் கார் வரை கூடவே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னமோ பார்த்தீங்க," என்றார். "இங்க உள்ளவங்களுக்குப் படிப்பு கம்மி. ஆனா ஒருத்தர் எதையாவது மறைச்சா அது நல்லாத் தெரியும்."

நெடுஞ்சாலையிலிருந்து சிம்பாங் பூலாயில் இறங்கியதும் தேவிஸ்ரீ காரை ஓரமாக நிறுத்தி, புஷ்பலதாவை அழைத்தார். மார்ச் 10ஆம் தேதி டேப்லெட்டோடு தோட்டத்துக்குப் போய் வீடுகளைப் பதிந்தவர் புஷ்பலதா. வீட்டு வாசலில் நின்று பொத்தானை அழுத்தினால் அந்த இடம் பதிவாகும், அதுதான் வேலை.

"அக்கா, பதினோராங்கட்டைல வீடு வீடா போனீங்களா?"

"எங்க போக விட்டாங்க? நான் கார விட்டு இறங்கறதுக்குள்ள ஊரே வந்து நிக்குதே! வரிசையா, ஐசி அட்டையக் கையில வச்சுக்கிட்டு. யாரும் சொல்லாமலே ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். ஏழு மணிக்குப் பேரு பதியறோம்னு சொன்னா அந்தத் தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரே எடம்தான் தெரியும் போல. திரும்பி வீட்டுக்குப் போய் நில்லுங்கன்னா சொல்லுவேன்? அங்கயே வச்சு எல்லாரையும் அமுக்கிட்டேன்."

"எங்க வச்சு?"

"ஏதோ களம்னாங்க. சிமெண்டுத் தரை, ஒரு கொடிக்கம்பம்."

"காளியம்மா?"

"அந்த அம்மா ஒண்ணுதான் வரல. 'என் வீட்டப் பதியணும்னா என் வீட்டுக்கு வரட்டும்'னு சொல்லி அனுப்பிருச்சு. சேத்துல நடந்து போய் வாசல்ல நின்னு எடுத்துட்டு வந்தேன். ஒரு செருப்பு போயிருச்சு. ஏன், என்ன ஆச்சு?"

முப்பத்தேழு பதிவுகளில் காளியம்மாவுடையது ஒன்றுதான் வீட்டு வாசலில் எடுக்கப்பட்டது. பட்டியலில் இல்லாததும் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை தேவிஸ்ரீ செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணி, ஒவ்வொன்றிலிருந்தும் எல்லைக்கு அளந்தார். மேல் லயம் என்ற வீட்டு வரிசையின் இருபத்தேழு வீடுகள் எல்லைக்குள் இருந்தன. ஆற்றோரத்துக் கீழ் லயம் 1971இல் கட்டப்பட்டது. எல்லை வரைந்த வரைபடம் அதற்கு முந்தியது. கீழ் லயத்தில் பத்து வீடுகள். பத்தும் ஐம்பது மீட்டருக்கு வெளியே. அதில் காளியம்மாவுடையதுதான் எல்லைக்குப் பக்கமாக இருந்தது.

மகேந்திரனிடம் சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நம்மகிட்ட கேட்டது என்ன?"

"வேகம்."

"வேகம் கொடுத்தாச்சு. உண்மை வேணும்னா அவங்க தனியா டெண்டர் விடட்டும்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, காலை நடைக்கும் மதிய நடைக்கும் இடையில் கிடைத்த நேரத்தில், கனகராஜ் பள்ளிப் பேருந்தையே கிரீன்டவுனுக்கு ஓட்டிவந்துவிட்டார். மாடி ஏறி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க. இல்லன்னா நான் பத்திரிகைக்குப் போறேன்."

அவருக்குச் சொல்வதற்கு முன் தேவிஸ்ரீக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எல்லாரையும் எல்லைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது தற்செயலா?

"மார்ச்சுல பதிவுக்கு எல்லாரையும் கூப்பிட்டது யாரு அண்ணே?"

"நான்தான். குரூப்புல வாய்ஸ் போட்டேன்."

"இருக்கா?"

இருந்தது. கனகராஜ் தேடி எடுத்து ஒலிக்கவிட்டார். 'ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு ஈப்போலருந்து பேர் பதிய வாராங்க. எல்லாரும் ஐசி எடுத்துக்கங்க. லேட்டா வந்துட்டு என்னக் கேக்காதீங்க.' அவ்வளவுதான். எங்கே என்று அதில் இல்லை. தேவிஸ்ரீ இன்னொரு தடவை போடச் சொன்னார். இல்லை.

வரைபடத்தைத் திறந்து காட்டினார். முப்பத்தாறு புள்ளிகளையும், சிமெண்டுத் தரையையும், கொடிக்கம்பத்தின் நிழலையும். கனகராஜ் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது பெரட்டுக் களம்."

"ஆமா."

"எல்லா வீடும் களத்துல நிக்குது."

"காளியம்மா வீட்டத் தவிர."

"அப்ப அக்காவோடதும் இங்க..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "நெசமான எடத்துல வச்சா?"

"மேல் லயம் இருபத்தேழும் உள்ள. கீழ் லயம் பத்தும் வெளிய."

"என் வீடு?"

"தொண்ணூத்தொரு மீட்டர்."

இப்போது கனகராஜ் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா மிஸ்?" என்றார்.

"என் முதலாளிக்குத் தெரியும்."

"லிஸ்ட்டு வேகமா வர்றது நல்லதுதான் மிஸ்," என்றார் கனகராஜ். "நான்தான் சும்மா சூசா கொடுத்து உங்கள அலைய விட்டுட்டேன்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "ஒரு வழி இருக்கு," என்றார். "அக்கா வந்து களத்துல ஒரு நிமிசம் நின்னாப் போதும். புஷ்பலதாம்மா ஒரு அமுக்கு அமுக்கட்டும். முப்பத்தேழு. யாருக்கும் நஷ்டமில்ல."

"அது பொய்யான இடம் அண்ணே."

"மத்த முப்பத்தாறும் என்ன இடம்?"

வியாழக்கிழமை மாலை இருவரும் கீழ் லயத்துக்குப் போனார்கள். காளியம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து சீருடையை அலசிக்கொண்டிருந்தார். கனகராஜ் பேசினார். களத்துக்கு வந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும், பெயர் வந்துவிடும் என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

காளியம்மா சீருடையை முறுக்கிப் பிழிந்தார். "போன வாரம் வரைக்கும் பத்திரிகைக்குப் போவேன், மந்திரியப் பார்ப்பேன்னு கத்திக்கிட்டிருந்த. இன்னிக்கு என்ன, மண்டோர் மகன் வந்து 'களத்துக்கு வா'ங்கிற?"

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா."

"என் நல்லதுக்குன்னு இந்த வாசலுக்கு உன் வீட்டுலருந்து யாரும் வந்ததில்ல." தேவிஸ்ரீயின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. வீடு இங்க இருக்கு. நான் ஏன் அங்க வந்து நிக்கணும்?"

கனகராஜ் தேவிஸ்ரீயைப் பார்த்தார். தேவிஸ்ரீ எல்லாவற்றையும் சொன்னார். மார்ச் 10ஆம் தேதி, களம், முப்பத்தாறு புள்ளிகள், எழுபத்து நான்கு மீட்டர், தொண்ணூற்றொரு மீட்டர். திரும்ப அளந்தால் பத்து வீடு போகும் என்பதையும் சொன்னார்.

"திரும்ப அளக்கணும்னு நான் எழுதிக் கொடுத்தா அளப்பாங்களா?"

"அளக்கணும்மா. நீங்க எழுதினா நான் மறைக்க மாட்டேன்."

கனகராஜின் கை சட்டைப் பையில் பேருந்துச் சாவியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

காளியம்மா துணியைக் கொடியில் போட்டார். கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினார். "வரேன்," என்றார். "ஆனா நான் ஒருத்தியா வந்து நிக்க மாட்டேன். அன்னிக்கு அவரு ஒருத்தரா நின்னாரு. முப்பத்தாறு வீட்டு ஆளும் வரணும். ஏழு மணிக்கு. வரிசையா நிக்கணும். நீ வாசிக்கணும், கனகராஜ். எல்லாப் பேரும். அவரு பேரும்."

"செத்தவங்க பேர எப்படி அக்கா..."

"லிஸ்ட்டுல எழுது. எழுதினா வாசிக்க வரும்ல?"

ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நாற்பத்தைந்து பேர் இருந்தார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மறுபடியும் பதியறாங்களா?" "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான் மச்சான்." "வாய மூடிட்டு நில்லு லா, வீடு போயிரப்போகுது." ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நின்றார்கள்.

காளியம்மா செம்பனைக்குள் சுற்றாமல் நேர்ப்பாதையில் வந்தார். சீருடை இல்லை, பழுப்புநிறச் சேலை. பெண்கள் வரிசையில் கடைசியில் போய் நின்றார். புஷ்பலதா டேப்லெட்டோடு அவருக்குப் பக்கத்தில் நின்றார். தேவிஸ்ரீ காரிலிருந்து இறங்கவில்லை.

கனகராஜ் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். தங்கள் பெயரைக் கேட்டவர்கள், வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது போல "இருக்கேன்" என்றார்கள். முப்பத்தாறாவது பெயர் அவருடையது. அதை வாசித்துவிட்டு அவரே "இருக்கேன்" என்றார். யாரோ சிரித்தார். பிறகு, "காளியம்மா."

"இருக்கேன்."

காகிதத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. கனகராஜ் அதையும் வாசித்தார்.

"சின்னையா."

யாரும் பதில் சொல்லவில்லை. கனகராஜ் தலையைத் தூக்கவில்லை. முப்பது ஆண்டுக்கு முன் அந்த வரிசையில் நின்றவர்கள் பதினொரு பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. பேருந்துப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறையும் வரை அப்படியே நின்றார்கள்.

"வாசிச்சாச்சு," என்றார் காளியம்மா. "அமுக்கும்மா."

புஷ்பலதா அமுக்கினார். மணி 7.26. காரில் இருந்த தேவிஸ்ரீயின் மடிக்கணினியில் காளியம்மாவின் வீடு ஆற்றோரத்திலிருந்து கொடிக்கம்பத்துக்கு வந்தது. மீட்டர் கணக்கில் எழுதி வைத்திருந்த இடமும் அந்த நொடியே மாறியது. தேடலை ஓட்டினார். முப்பத்தேழு. 0.3 விநாடி.

அன்று மாலை தேவிஸ்ரீ திட்ட அலுவலகத்துக்கான அறிக்கையை முடித்தார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார்: 'பதினோராங்கட்டைத் தோட்டத்தின் முப்பத்தேழு இருப்பிடங்களும் குடியிருப்பாளர்கள் பதிவுக்கு நின்ற இடத்தில் எடுக்கப்பட்டவை.' மகேந்திரன் படித்தார், அழிக்கச் சொல்லவில்லை. கனகராஜ் இரண்டு தடவை அழைத்து, "வேற ஒண்ணும் எழுதலியே மிஸ்?" என்று கேட்டார். எழுதியதைத் தேவிஸ்ரீ படித்துக் காட்டினார். கனகராஜ் இணைப்பைத் துண்டித்தார்.

செப்டம்பர் 9, திங்கட்கிழமை திட்ட அலுவலகம் பட்டியலை ஏற்றுக்கொண்டது. ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி எந்தக் கேள்வியும் வரவில்லை. காளியம்மாவின் வீடு பட்டியலில் முப்பத்தேழாவது.